உரிந்து வந்த ஓரக்கோடு

சாலையில் கிடக்க வேண்டிய வெள்ளைக் கோடு சாலைத் துறைப் பொறியாளர் ஜிதினின் கையில் இருந்தது. முழ நீளத் துண்டு ஒன்றை அளவுகோலைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, செல்வப்பிரியா காரை நிறுத்திவிட்டு நடந்து வரும்வரை அவர் காத்து நின்றார். அவருக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டிய கிழக்கு விளிம்பில், ஒரு வாரத்துக்கு முன்பு போட்ட ஓரக்கோடு அங்கங்கே விரிசல் கண்டு, முனை தூக்கி, தார்ச்சாலையோடு தனக்கு எந்த உறவும் இல்லை என்று சொல்வதுபோல் கிடந்தது.

"இதை நான் உளி வெச்சு எடுக்கல மேடம். ஷூ நுனி பட்டுச்சு. தானா வந்துச்சு" என்றார்.

செல்வப்பிரியா துண்டை வாங்கிக் கையில் எடைபார்த்தாள். அவளுடைய பொருள்தான். வாளையாரில், லாரிகள் இரவும் பகலும் உறுமிக்கொண்டு நிற்கும் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட பட்டறையில் அவளே நின்று கலந்தது. சாலையில் கோடு போடும் தெர்மோபிளாஸ்டிக்கை ஊரில் எல்லாரும் பெயிண்ட் என்றே சொல்வார்கள். அது பெயிண்ட் அன்று. பிசினும், வெள்ளைப் பொடியும், சுண்ணக்கல் மாவும், இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுவதற்காகக் கடுகினும் சிறிய கண்ணாடி மணியும் சேர்ந்த தூள்; மூட்டையில் வருவது. பாய்லரில் கொட்டிக் காய்ச்சினால் பாகாக உருகும். அந்தப் பாகைத் தள்ளுவண்டியில் ஊற்றிச் சாலையில் இழுத்தால், சூடு இறங்கியதும் கல்லாக இறுகிவிடும். இறுகுவதற்கு முன் தாரின் பொடிக்குழிகளுக்குள் இறங்கிப் பல் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் லாரி ஏறினாலும் அசையாது.

ஊன்றாதது இப்போது அவள் கையில் இருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் நான் ரிப்போர்ட் அனுப்பணும்" என்றார் ஜிதின். "காரணம் தெரிஞ்சா காரணத்த எழுதுவேன். தெரியலன்னா கலவை சரியில்லன்னுதான் எழுத முடியும். அப்பறம் சூரியநெல்லி ரோட்டுக்கு வேற கம்பெனி மூட்டை போகும்."

இதைக் கேட்கத்தான் அவள் காலை உணவைக்கூட உண்ணாமல் வந்திருந்தாள். பாலக்காட்டு வெயிலுக்கு ஒரு கலவை, இடுக்கிக் குளிருக்கு வேறொரு கலவை என்பதே தொழிலில் வழக்கம். வெயிலுக்குச் செய்தது மலைக்குப் போனால் வெடிக்கும். குளிருக்குச் செய்தது சமவெளிக்கு வந்தால் இளகி, டயர்க் கறுப்பை ஏற்று, கோடா கறையா என்று கேட்கும்படி ஆகிவிடும். இரண்டு இடத்துக்கும் ஒரே கலவை என்று அவள் சொன்னபோது தொழிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று ஆண்டுகள் காய்ச்சி, ஊற்றி, உடைத்துப் பார்த்து, அவள் அதைச் செய்து முடித்திருந்தாள். இந்தப் பெருமாட்டிச் சாலை முதல் பாதிச் சோதனை. இடுக்கி மலையில் சூரியநெல்லிச் சாலை மறுபாதி. முதல் பாதியில் தோற்ற கலவைக்கு மறுபாதி கிடையாது.

"நீங்க சொல்றது நியாயமுங்க சார். ஆனா கோளாறு கலவையில இல்லீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"கலவை நான் செஞ்சதுங்க."

ஜிதின் புருவத்தை உயர்த்தினார். ஆனால் அவள் பெருமை பேசவில்லை, தகவலாகத்தான் சொன்னாள் என்பது அவருக்கும் விளங்கியது.

பாய்லர் மேஸ்திரி சிலுவைராஜ் சற்றுத் தள்ளித் தலைத்துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். அவர் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தம்பி கபிரியேல் அதே மலைச்சாலையில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். பனி இறங்கிவிட்டால் சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுபவன். அந்தச் சாலைக்குத் தன் கையாலேயே கோடு இழுக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் ஆசை. ஜிதினும் அதற்குப் பக்கத்துப் பூப்பாறைக்காரர் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை வேறு இருந்தது.

"சார் நம்ம ஊருப் பக்கந்தானே. கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்று மெல்ல இழுத்தார்.

"ஊரு ஒண்ணுங்கிறதுக்காகக் கோடு ஒட்டிக்கிடுமாண்ணே?"

மேஸ்திரி தலைத்துண்டை மறுபடியும் அவிழ்த்தார்.

செல்வப்பிரியா சாலையில் நடக்கத் தொடங்கினாள். நடுக்கோட்டைக் குதிகாலால் உதைத்தாள்; அசையவில்லை. மேற்கு ஓரக்கோடு முனை மழுங்காமல் இருந்தது. தோப்பு தொடங்குவதற்கு முன்னால் கிழக்கு ஓரமும் நன்றாகவே இருந்தது. தோப்பு முடிந்து கலுங்கைத் தாண்டினால் அப்பாலும் நன்றாகவே இருந்தது. ஒரே பாய்லர், ஒரே வண்டி, ஒரே நாள். தோப்பின் நீளத்துக்கு மட்டும், அதுவும் ஓரத்தில் மட்டும், கோடு தோற்றிருந்தது. கலவை கெட்டிருந்தால் இடம் பார்த்துக் கெடாது.

"சிலுவைராஜண்ணே, இந்த ஓரத்துல என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணல மேடம்."

"அதைத்தானுங்க கேக்கறேன். மத்த எடத்துல பண்ணி, இங்க பண்ணாம உட்டது என்ன?"

மேஸ்திரி கழுத்தைச் சொறிந்தார். "மத்த எடமெல்லாம் கம்பி பிரஷ் போட்டோம், காத்தடிச்சோம், பிடிமானத்துக்குப் பிரைமர் தடவுனோம். இங்கன ரோடு பெருக்கித் தொடச்சு வெச்ச மாதிரி கெடந்துச்சு மேடம். ஒரு பொட்டுத் தூசி கெடயாது. வயக்காட்டு ஊர்ல இப்படி ஒரு சுத்தமான்னு நான்தான் சொன்னேன். பிரஷ்ஷுக்கு வேலயில்லன்னு நேரா வண்டிய இழுத்துட்டோம்."

"தொடச்சு வெச்ச ரோட்டை வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"எஸ்டேட்டுல, மேனேஜர் பங்களா முன்னாடி."

"இங்க எந்த மேனேஜர் இருக்கறாரு?"

ஜிதின் வேறு பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

"இழுக்கும்போது வேற ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதுங்களா?"

மேஸ்திரி தயங்கினார். "ஒரு வாசன வந்துச்சு மேடம். கோயில் பூசாரி பக்கத்துல நின்னா வருமே, அந்த வாசன. தோப்புக்குள்ள எங்கயோ கோயில் இருக்குன்னு நெனச்சேன். வண்டிய இழுத்துக்கிட்டே ஒரு சிலுவ அடையாளமும் போட்டுக்கிட்டேன்."

செல்வப்பிரியா நின்றுவிட்டாள். பிறகு, இத்தனை நேரமும் வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த துண்டைத் திருப்பினாள்.

நன்றாக ஒட்டிய கோட்டைப் பெயர்த்தால் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். தாரின் பொடிக்கல்லைக் கடித்துக்கொண்டு வரும். இதன் அடிப்பக்கம் மங்கிய பழுப்பு. உள்ளங்கையைப்போல் வழவழப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தபோது, நூலிழைபோன்ற வைக்கோல் நார்கள் பிறைபிறையாக, ஒரே வளைவில் படிந்திருந்தன. யாரோ ஒருவருடைய கை அரைவட்டமாக வீசிச் சென்ற தடம் அது. உருகிய பாகு அந்தத் தடத்தை ஒரு வரிகூட விடாமல் அச்செடுத்து வைத்திருந்தது.

தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அடிப்பக்கத்தில் சில துளிகள் விட்டாள். கட்டைவிரலால் தேய்த்தாள். முகர்ந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"மோந்து பாருங்க சார்."

ஜிதின் எச்சரிக்கையோடு குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். "இது..."

"மாட்டுச் சாணிங்க. ரோட்டை ஆரோ மெழுகியிருக்கறாங்க."

"ரோட்டையா? யாராவது ரோட்டப் போயி மெழுகுவாங்களா?"

அவள் சாலையோரத்தில் மண்டியிட்டு, சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தாரின் குழிகளைக் கிளறினாள். பச்சை கலந்த தூள் உதிர்ந்தது. கடைசியில் ஊசிமுனையில் கறுப்பாக ஒரு பொட்டு ஏறி வந்தது.

"எள்ளுங்க" என்றாள். அவள் பிறந்தது கொழிஞ்சாம்பாறையில். எள் காய்வதைப் பார்த்து வளர்ந்தவள். எள்செடியை வெயிலில் நிறுத்தினால் காய் வெடித்து மணி கொட்டும். நெல்லைப்போல் அது பெரிய மணி அன்று. குழி கண்ட இடத்தில் புகுந்துகொள்ளும். புகுந்ததைத் துடைப்பம் எடுக்காது. ஆகவே களத்தைச் சாணியால் மெழுகி, குழியையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் எள்ளைப் பரப்புவார்கள். எவரோ இந்தச் சாலையையும் அப்படியே அடைத்திருக்கிறார்கள். எள் இறங்கக் கூடாது என்று எந்தக் குழிகளை அடைத்தார்களோ, அதே குழிகளில்தான் தெர்மோ இறங்கியிருக்க வேண்டும். நடுவில் மெழுகியது வண்டிச் சக்கரத்தில் தேய்ந்து போயிருக்கும். ஓரத்தில் சக்கரம் ஏறுவதில்லை.

ஜிதின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுறது புத்தியில ஏறுது மேடம். ஆனா ரிப்போர்ட்ல 'மோந்து பாத்தேன்'னு எழுத முடியாதுல்லா? மெழுகுனவங்க வந்து சொல்லணும். இல்ல, நான் கண்ணால பாக்கணும். மத்தியானத்துக்கு மேல வாறேன்."

அவருடைய பைக் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

மெழுகியவரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தோப்புக்கு அப்பால் ஒரே ஒரு ஓட்டு வீடு. அதன் பக்கச் சுவரில் எள்தட்டைக் கட்டுகள் சாய்ந்திருந்தன. முற்றத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முறத்தில் எள் புடைத்துக்கொண்டிருந்தார். நாச்சம்மாள். தோப்பும் அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வயலும் அவருடையவை என்பது, வந்தவர்களைக் கண்டும் முறத்தை நிறுத்தாத தோரணையிலேயே தெரிந்தது.

"ஏனுங்க அக்கா, முன்னால ரோட்டுல எள்ளுக் காயப் போட்டீங்களா? ரோட்டை மெழுகுனது நீங்களுங்களா?"

"ரோட்டையா? நானா?" முறம் நின்றது. "ரோட்டைப் போய் ஆராச்சும் மெழுகுவாங்களா அம்மிணி? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

செல்வப்பிரியா மேற்கொண்டு கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்து, தரையைக் குனிந்து பார்த்தாள். "மெழுகு நல்லா இருக்குதுங்க அக்கா. ஒரு வெடிப்புக் காணோம். செம்மண்ணு கலக்கறீங்களா?"

"செம்மண்ணா!" நாச்சம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "ஆரு சொன்னாங்க உனக்கு? செம்மண்ணு போட்டா நாலாம் நாளே பாளம் பாளமா வெடிச்சுப் போயிரும். பசுஞ்சாணிய மொத நாளே கரைச்சு வெச்சு, துணியில வடிச்சு, ரெண்டு கை மெழுகோணும். மொதக் கை நல்லாக் காயோணும், அப்பறந்தான் ரெண்டாங் கை. மண்தரைக்கு ரெண்டு போதும். தார் ரோடுன்னா மூணு கை வேணும், குழி ஜாஸ்தி..."

பேச்சு அந்த இடத்தில் நின்றது. சிலுவைராஜ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்ல கெட்டிக்காரிதான் நீயி" என்றார் நாச்சம்மாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஆமா, மெழுகுனேன். மூணு கை மெழுகுனேன். ஊர்க் களத்துல உங்க மூட்டையப் போட்டு அடைச்சு வெச்சா, நான் எள்ளை எங்க கொண்டுபோய்க் காய வெக்கறது? என்ற தலையிலயா?"

"எங்க மூட்டைங்களா?"

"பின்னே ஆரு மூட்டை? நான் வந்து கேட்டேன். 'நாளைக்கு எடுத்துருவோம்'னு உன்ற ஆளு ஒருத்தன் சொன்னான். மறுநாளும் போனேன். அன்னைக்கும் 'நாளைக்கு'ன்னான். எள்ளு நாளைக்குன்னு காத்திருக்குமா? காயெல்லாம் வெடிச்சு நிக்குது. ரோட்டுக்கு வந்து நான் மெழுகுனேன்னு சொல்றயே, ரோட்டுக்கு என்னைத் தொரத்துனது ஆரு?"

செல்வப்பிரியா மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி தென்னை உச்சியில் காய் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

களம் தோப்பின் மறுகோடியில் இருந்தது. ஊரார் சேர்ந்து போட்ட சிமெண்டுத் தரை. அதன் மேல் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, பட்டறையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சான மூட்டைகள் சுவர்போல் எழும்பி நின்றன. எரிவாயு உருளைகள், காலி டின்கள், பழைய தள்ளுவண்டி. ஒரு பை கிழிந்து கண்ணாடி மணி தரையெங்கும் சிந்தி, வெயிலில் சர்க்கரை கொட்டியதுபோல் மினுங்கிற்று.

"வெறும் சிமிண்டுத் தரையா, சும்மா கெடந்துச்சு மேடம்" என்றார் சிலுவைராஜ். "எங்க எஸ்டேட்டுல இப்படி ஒரு தரை கெடந்தா பயலுவ பந்து வெளயாடுவானுவ. இது எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"களம் சும்மாதானுங்கண்ணே கெடக்கும். சும்மா கெடக்கறதுதான் அதுக்கு வேலை. அந்தக்கா வந்து கேட்டப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்ல?"

வந்த வழியில் திரும்பி நடக்கையில் கணக்கு அவளுக்குத் தெளிவாகவே இருந்தது. யாரோ மெழுகினார்கள், அதனால் உரிந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். கலவை தப்பும். பழி முழுவதும் இந்தப் பெண்மணியின் தலையில் விழும். அரைகுறையாகச் சொன்ன காரணமும் பிரைமர் தடவாத கோடும் ஒன்றுதான். இரண்டையும் ஒருவன் ஷூ நுனியால் நிமிண்டினால் போதும்.

"அக்கா, மத்தியானம் எஞ்சினீயர் வர்றாருங்க. நீங்க ரோட்டுக்கு வந்தது எங்களாலன்னு நானே அவருகிட்டச் சொல்லிடறனுங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யோணும். களத்து மூலையில கொஞ்சம் தார் போட்ட வழி இருக்குதல்லோ, அங்க ஒரு பாய் அகலம் மெழுகிக் குடுக்கோணும். ரோட்டுல மெழுகுன மாதிரியே."

"மெழுகிக் குடுத்துட்டு? கேஸு போட்டு என்னைச் சித்தூர்க் கோர்ட்டுக்கு இழுத்தடிப்பாங்களா?"

"அதெல்லாம் நடக்காதுங்க. மெழுகுன எடத்துல ஒரு கோடு, பக்கத்துல வெறும் தாருல ஒரு கோடு. ரெண்டும் போடுவோம். எது உரியுதுன்னு அவரே பாக்கட்டும்."

நாச்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இங்க பாரு அம்மிணி. என்ற மெழுகு பேந்ததா இந்த ஊர்ல ஒருத்தியும் சொன்னதில்ல. உன்ற பொருளு அதும்மேல நிக்கலைன்னா கோளாறு உன்ற பொருள்ல."

"பாத்துருலாமுங்க."

"பாத்துருலாம். தோத்தா அழக் கூடாது."

"நீங்களும் அழக் கூடாதுங்க."

நாச்சம்மாளின் உதட்டோரம் அசைந்தது. கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே கரைத்து வடித்து வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மே மாத வெயில் மூன்று கை மெழுகையும் விரைவாக உலர்த்திற்று. சிலுவைராஜ் பாய்லரைப் பற்றவைத்துவிட்டுச் செல்வப்பிரியாவின் அருகில் வந்தார். "மேடம், சாணி மேலயும் ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டாது."

"தாருல போட்டது பேந்துட்டா?"

"பேராது."

"ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் சூரியநெல்லி போச்சு."

"ரெண்டும் தப்பாதுங்கண்ணே. நீங்க சூட்டைப் பாருங்க. பாகு பழுத்துரக் கூடாது." அதிகம் காய்ந்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். அவள் பாய்லரில் சூடு காட்டும் முள்ளைத் தானும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஜிதின் வந்ததும், தார்ப்பாயை அவளே விலக்கிக் காட்டினாள். "ஊர்க் களத்தை எங்க ஆளுங்க அடைச்சு வெச்சாங்க சார். அந்தக்கா கேட்டும் எடுக்கல. அதனாலதான் அவங்க எள்ளோட ரோட்டுக்கு வந்தாங்க. மெழுகுன எடத்துல பிரஷ் போடாம இழுத்ததும் நாங்கதானுங்க. இதுல எந்த மூட்டை வேணும்னாலும் நீங்களே எடுங்க. அதைத்தான் உருக்கப் போறோம்."

ஜிதின் அவளையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நடு அடுக்கில் ஒரு மூட்டையை விரலால் தொட்டார்.

தூள் உருகிப் பாகாயிற்று. சிலுவைராஜ் வண்டியை முதலில் வெறும் தாரில் இழுத்தார். வெள்ளை நாடா ஒன்று நேராக விரிந்தது. பிறகு மெழுகிய இடத்தில் இழுத்தார். பாகு பட்ட அந்தக் கணமே மெல்லிய புகை எழுந்தது. அதோடு வாசனையும் எழுந்தது.

"அட, திருநீறு சுடற வாசமாட்ட இருக்குதே!" என்றார் நாச்சம்மாள்.

சிலுவைராஜின் வலக்கை நெற்றியை நோக்கிப் பாதி வழி போய், அங்கிருந்து நினைவு வந்ததுபோல் இறங்கிவிட்டது. ஜிதின் அதைப் பார்த்தார். இம்முறை அவர் சிரிப்பை மறைக்கவில்லை.

இரண்டு கோடுகளின் மேலும் கண்ணாடி மணி தூவினார்கள். காத்திருந்தார்கள். ஆறியதும், ஜிதின் உளியைக் கேட்டு வாங்கி, முதலில் மெழுகிய பக்கம் குனிந்தார். உளிமுனை ஓரத்தில் நுழைந்ததும், நன்றாக வெந்த தோசை கல்லை விட்டு வருவதுபோல், துண்டு முழுதாக மேலே வந்தது. அடிப்பக்கம் பழுப்பு, அதில் பிறைபிறையாக நாச்சம்மாளின் கைத்தடம்.

நாச்சம்மாள் அதைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு நொடி விழுந்தது. அடுத்த நொடி பிரகாசமாயிற்று. "மெழுகு பேரலையே! உன்ற பொருளோட அப்படியே ஒட்டிக்கிட்டல்லோ வந்துருக்குது! என்ற மெழுகும் நல்லாருக்குது, உன்ற பொருளும் நல்லாருக்குது. உங்க தாருதான் தம்பி ஆகாது."

"சரிம்மா, தாரையும் ரிப்போர்ட்ல சேத்துக்கிடுதேன்" என்றார் ஜிதின்.

பிறகு அவர் மற்ற கோட்டுக்கு நகர்ந்தார். செல்வப்பிரியா கைகளைக் கட்டிக்கொண்டாள். உளி ஓரத்தில் வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. சுத்தியலை வாங்கி உளித்தலையில் ஓங்கிப் போட்டார். கோடு பிளந்தது, ஆனால் எழவில்லை. இன்னும் ஓர் அடி. விரல் அகலத்துக்கு ஒரு சில்லு தெறித்தது. ஜிதின் அதை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு. பொடிக்கற்களைத் தாரோடு கவ்விக்கொண்டு, சாலையில் ஒரு சிறு பள்ளத்தை விட்டுவிட்டு வந்திருந்தது.

அவர் அந்தச் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கலவை நிக்கும்" என்றார். "ஆனா நீங்க சொன்ன மத்த விசயமும் ரிப்போர்ட்ல வரும் மேடம். பிரஷ் போடாதது, களத்த அடைச்சது, எல்லாம்."

"வரட்டுமுங்க சார். நடந்ததுதானுங்களே."

"தோப்பு ஓரத்தக் கழுவி, சுரண்டி, திரும்பப் போடணும். களம் இன்னைக்கே காலியாகணும்." நாச்சம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்களும் இனிமே ரோட்டுல காயப் போடக் கூடாதும்மா."

"களம் இருந்தா நான் எதுக்குங்க தம்பி ரோட்டுக்கு வர்றேன்? லாரிக்காரன் பாட்டுக்கு என்ற எள்ளு மேல ஏறிப் போறான். எண்ணெய் ஆட்டறது செக்குலதான், ரோட்டுலயா?"

சிலுவைராஜ் அன்று பிற்பகல் முழுவதும் மூட்டை சுமந்தார். யாரும் சொல்லாமலே, கனமானவற்றைத் தானே எடுத்தார். தரை வெளிப்பட்டதும் துடைப்பத்தால் பெருக்கினார்கள். நாச்சம்மாள் வெயில் சாய்ந்து விழும் பக்கமாக நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னும் மின்னுது."

கண்ணாடி மணி எள்ளோடு கலந்தால் எந்த முறமும் பிரிக்காது என்பது செல்வப்பிரியாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். கோணியை நனைத்துப் பிழிந்து, சேலை முந்தியைச் செருகிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு ஒரு மூலையிலிருந்து ஒற்றி எடுக்கத் தொடங்கினாள். நாச்சம்மாள் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு இன்னொரு கோணியை நனைத்துக்கொண்டு எதிர்மூலையில் உட்கார்ந்தார்.

"அந்த வெடிப்புல பாரு அம்மிணி. ரெண்டு மணி கெடக்குது."

"பாத்துட்டனுங்க."

"பாத்தா எடுக்கோணும்."

எடுத்தாள். தோப்பு ஓரத்தில் உரிந்த கோட்டுத் துண்டுகளை என்ன செய்வது என்று சிலுவைராஜ் வந்து கேட்டபோது நாச்சம்மாள் முந்திக்கொண்டார்: "அல்லாத்தையும் என்ற ஊட்டுல போடுங்க. கெணத்து மேட்டுல, தென்னை மரத்துல ஆணி வெச்சு அடிச்சுக்கறேன். பேட்டரி லைட் அடிச்சா பளிச்சுன்னு வழி தெரியும். என்ற சாணி பட்டதல்லோ, என்றதுதான்."

ஓரக்கோடு மறுவாரம் போடப்பட்டது. இரண்டு முறை கழுவி, மூன்று முறை பிரஷ் போட்டு. நாச்சம்மாள் தோப்பு வேலியில் சாய்ந்து நின்று, தேய்த்த இடத்தையே இன்னொரு முறை தேய்க்கச் சொன்னார். சிலுவைராஜ் மறுபேச்சின்றித் தேய்த்தார்.

பட்டறையிலிருந்து லாரி மலையேறிய நாளில், செல்வப்பிரியா அடுத்த கலவைக்குப் பிசின் நிறுத்துக்கொண்டிருந்தபோது சிலுவைராஜின் அழைப்பு வந்தது. பின்னணியில் காற்று ஊளையிட்டது.

"மேடம், சூரியநெல்லி வந்தாச்சு. கபிரியேலும் ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்து நிக்கான். ரோட்டோரத்துல புதுசா ஒரு சிமிண்டுத் தரை போட்டுருக்காங்க. சும்மா கெடக்கு. இன்னும் ஒரு மூட்டையும் எறக்கல."

"ஆருதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டுட்டேன். கொழுந்து நிறுக்கிற எடமாம். காலையிலயும் மத்தியானமும் கொழுந்துச் சாக்கோட பொம்பளைங்க வந்து நிப்பாங்களாம். லாரிய மேல கொண்டுபோயி வேற எடம் பாக்கேன்."

"நல்லதுங்க. ரோடு எப்படி இருக்குதுங்கண்ணே? ஏதாச்சும் காயப் போட்டிருக்கறாங்களா?"

சிலுவைராஜ் சிரித்தார். "இங்கன என்னத்தக் காயப் போட மேடம்? போட்டா நனஞ்சுல்லா போகும். ரோடு மழையில கழுவுன கணக்கா அம்புட்டுச் சுத்தமா இருக்கு."

"ஈரம் ஒழுங்காக் காயட்டும். காஞ்சதுக்கப்பறம் பிரஷ் போடுங்க."

"சுத்தமா இருக்குன்னு சொல்லுதேனே மேடம்!"

"அதனாலதானுங்க சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தராசின் பக்கம் திரும்பினாள்.